கொக்கி எட்டாத கொலுசு

ஐஸ் கட்டியை என்னைப்போல் வெறுத்த பிள்ளை எங்கள் நாமக்கல் பக்கத்தில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. மற்ற பிள்ளைகள் அதைக் கடையில் வாங்கிச் சப்பிக்கொண்டு திரிந்த வயதில், எனக்கு அது கணுக்காலில் வந்து உட்கார்ந்தது.

அப்போது ஆறாம் வகுப்பு. காலாண்டு விடுமுறை முடிந்து மறுநாள் ஹாஸ்டலுக்குத் திரும்ப வேண்டும். வீட்டை விட்டுப் போவதென்றாலே எனக்குப் பிடிக்காது. அந்த எரிச்சலில் எங்கள் கோழிப்பண்ணையில் அடுக்கியிருந்த தீவன மூட்டைகள்மேல் ஏறிக் குதித்தேன், கால் பிசகிவிட்டது. அம்மா ஓடிவந்து கொலுசைக் கழற்றுவதற்குள் கணுக்கால் பன் மாதிரி உப்பிவிட்டது. வலியில்தான் அழுதேன். ஆனால் உள்ளுக்குள், அப்பாடா, நாளைக்குப் போக வேண்டாம்!

எலும்புக்கு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். உப்பை வறுத்துத் துணியில் கட்டிக்கொண்டு ஒத்தடம் கொடுக்க வந்த அத்தையை அப்பா வாசலிலேயே நிறுத்தினார். "சூடு வெச்சா இன்னும் வீங்குமாம். ஐஸ்தான் வெக்கோணும்னு டாக்டர் சொல்லிப்போட்டாரு, அக்கா."

ஐஸுக்கு எங்கள் வீட்டில் என்ன பஞ்சம்? கோழித் தடுப்பூசி மருந்துக்கென்றே தனி ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா என் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்து, துண்டில் சுற்றிய ஐஸைப் பதினைந்து நிமிடம் வைப்பாள். எடுத்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி வைப்பாள். அவள் தலை மறைந்ததும் நான் அதை மெல்லத் தள்ளிவிடுவேன். திரும்பி வந்து பழையபடி வைப்பாள்.

"சித்த நேரம் பொறு சாமி, வலி கொறைஞ்சுரும்."

குறைந்துதான் தொலைத்தது. அதுதானே என் கவலை! வீக்கம் வற்றியதா என்று பார்க்க அப்பா ஒரு கணக்கு வைத்திருந்தார். "கொலுசுக் கொக்கி என்னைக்கு எட்டுதோ, அன்னைக்கே கெளம்பிரோணும் கண்ணு."

மூன்றாம் நாள் காலையில் கணுக்கால் எலும்பு நன்றாகவே தெரிந்தது. அப்பா கையில் வண்டிச் சாவியோடு நின்றார். அம்மா பீரோவைத் திறந்து கொலுசை எடுத்து வந்தாள். நான் கண்களை இறுக மூடிக்கொண்டு குலசாமியை வேண்டினேன். வெள்ளி சில்லென்று காலைச் சுற்றியது. அம்மா இழுத்தாள். இன்னொரு தரம் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள்.

"ஏனுங்க, எட்டுலீங்களே. இன்னும் ஒரு வெரக்கடை நீளம் வேணும், பாருங்க."

அப்பா குனிந்து பார்த்தார். கோழியைக் கையில் தூக்கியே எடை சொல்லிவிடுகிற மனிதர். பார்த்துவிட்டு வார்டனுக்கு ஃபோன் போட்டார். "வீக்கம் வத்துலீங்க. திங்கக்கெழமை கூட்டிட்டு வாரேனுங்க."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இன்னும் நான்கு நாள்! அந்த நான்கு ராத்திரியும் அம்மாவை ஒட்டிக்கொண்டு படுத்தேன். திங்கட்கிழமை ஹாஸ்டல் வாசலில், என்னவோ, அவ்வளவாக அழுகை வரவில்லை. குலசாமிக்கு நன்றி சொல்லிக்கொண்டே உள்ளே போனேன்.

போன மாதம் என் மகளுக்குக் கொலுசு வாங்கப் போவதாகச் சொன்னதும், அம்மா பீரோவிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வந்தாள். உள்ளே என்னுடைய பழைய கொலுசுகள் இரண்டு ஜோடி. பெரியது ஆறாம் வகுப்பில் போட்டிருந்தது. சின்னது ஒன்றாம் வகுப்பில் போட்டது. சின்னதில் ஒன்றின் கொக்கி மட்டும் வாய் பிளந்து நெளிந்திருந்தது.

"இத யாரும்மா இப்படி இழுத்தது?" என்றேன்.

அம்மா என் கணுக்காலைப் பார்த்துச் சிரித்தாள். "அன்னைக்கு நான் என்ன பொய்யா சொன்னேன்? எட்டுலதானே!"

நான் வீட்டை விட்டுப் போவது பிடிக்காதது எனக்கு ஒருத்திக்குத்தான் என்று நம்பிக்கொண்டிருந்த வயது அது.