எட்டு நாள் கூலியும் முந்நூறு கம்பளியும்

மாகாணத் தணிக்கை அலுவலகத்தில் அவருக்குப் பெயர் பூதக்கண்ணாடி. இருபத்திரண்டு வருடமாக ஊரார் ரசீதுகளைத் துருவித் துருவிப் பார்த்ததில் கிடைத்த பட்டம். "வீட்டுல தொலையற சாவியை மட்டும் இவரு ஒரு நாளும் கண்டுபிடிச்சதில்ல" என்பாள் மனைவி. அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

அங்கே ஒரு முறை உண்டு. சில்லறைத் தொகை என்றால் ஆட்சேபணையைக் குமாஸ்தாவே மையில் எழுதிவிடலாம். தொகை பெரிதானால் பென்சிலில்தான் எழுத வேண்டும். சூப்பிரண்டு பார்த்துச் சரியென்றால் அதன்மேல் மையால் எழுதுவார். இல்லையென்றால் ரப்பரை எடுப்பார். துரைமார் வகுத்த முறை இது. சின்ன மனிதர்களின் தப்பு அழியாது, பெரிய மனிதர்களின் தப்பு அழியும். இந்த வெட்கங்கெட்ட ஏற்பாட்டுக்கு ஒழுங்கு என்று பெயர். பூதக்கண்ணாடிக்கு இருபத்திரண்டு வருடமாக இது உறைக்கவே இல்லை.

அந்த வருடம் அரசாங்க ஆஸ்பத்திரிக் கணக்கைப் பார்க்கப் போனார். காலையில் வருகைப் பதிவேடு. வாந்திபேதி வார்டு கூட்டுகிற பெண்ணுக்கு எட்டு நாள் வருகை போட்டிருந்தது. ஓரத்தில் டாக்டர் பொடி எழுத்தில் 'நோயாகப் படுக்கையில்' என்று எழுதியிருந்தார். தினக்கூலிக்கு ஏது நோய் விடுப்பு? 'எட்டு நாள் கூலி திரும்ப வசூலிக்கப்பட வேண்டும்' என்று மையில் எழுதி, ஊதி உலர்த்தினார்.

மத்தியானம் கை கழுவத் தண்ணீர் தேடிப் போனவர் வழி தவறி அந்த வார்டுக்குள்ளேயே நுழைந்துவிட்டார். நோயாளிகள் வெறும் சிமெண்ட் தரையில் சாக்கைப் போர்த்திக் கிடந்தார்கள். எலும்பும் தோலுமாக ஒருத்தி தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இவங்களுக்கெல்லாம் கம்பளி குடுக்கலையாம்மா?"

"கம்பளியா? கண்ணால பாக்கலீங்க. நானே அந்த மூலையில எட்டு நாள் சாக்குலதான் கெடந்தேன். இங்கதான் எனக்கும் தொத்திடுச்சு. டாக்டரையா புண்ணியத்துல கூலி வந்துச்சு, புள்ளைங்க கஞ்சி குடிச்சுது."

காலையில் அவர் மையில் எழுதியது இவள் கூலியைத்தான்.

திரும்பி வந்து கம்பளி ரசீதை எடுத்தார். முந்நூறு கம்பளி. கையெழுத்து, முத்திரை எல்லாம் கச்சிதம். ஸ்டோர் குமாஸ்தா சளைக்காமல் சொன்னான்: "அத்தனையும் எரிச்சாச்சு சார். தொத்து நோயில்லையா? சர்டிபிகேட் இருக்கு."

சர்டிபிகேட் இருந்தது. எரித்தது ஒன்பதாம் தேதி. வாங்கியது பதினான்காம் தேதி. கடையை விட்டுக் கிளம்புவதற்கு ஐந்து நாள் முன்பே கம்பளிகள் சாம்பலாகியிருந்தன. திருடினவன் தேதியைக்கூடச் சரிபார்க்கவில்லை. பார்க்க ஆள் இல்லை என்ற தைரியம். பென்சில் முனை ஒடியும்படி அழுத்தி எழுதினார்.

சூப்பிரண்டு படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "கம்பளி வித்தவரு துரையோட டென்னிஸ் ஆடறவரு. தேதி கை தவறி விழுந்திருக்கும், விடுங்க." அழித்த ரப்பர் துகள்களை ஊதிவிட்டார். அவை பூதக்கண்ணாடியின் சட்டையில் வந்து விழுந்தன.

"அப்ப அந்தக் கூலி ஆட்சேபணையையும் எடுத்துடலாம் சார். வேலை செஞ்ச இடத்துலதான் அந்தம்மா சீக்கு வாங்கியிருக்கு."

"மையில எழுதினதை எப்படி எடுக்கிறது? நீங்கதானே எழுதினீங்க?"

"அப்ப நானே கட்டிடறேன்."

"தணிக்கை பண்றவன் பணம் கட்டினா அதுக்கு வேற பேரு. வேலை போயிடும். உங்களுக்கும் புள்ளைங்க இருக்கில்ல?"

இருந்தார்கள். கட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். அன்றைக்கு வீட்டில் சாப்பாட்டை வெறுப்போடு தள்ளிவைத்தார். சூப்பிரண்டை நினைத்தா, தன்னை நினைத்தா என்று அவருக்கே தெரியவில்லை.

அடுத்த மாதம் அவள் தணிக்கை அலுவலகத்து வசூல் சன்னலுக்கு வந்தாள்; அன்றைக்கு அங்கே அவர் முறை. கெடுவுக்குள் கட்டாவிட்டால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள். யார் எழுதிய ஆட்சேபணை என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்த முகம் என்று அவரைப் பார்த்துச் சிரிக்க வேறு செய்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசுகளைச் சன்னலுக்குள் தள்ளினாள். அவர் எண்ணினார். அதில் ஒன்று தேய்ந்து வழவழவென்று இருந்தது.

"இது செல்லாது. வேற குடு."

அவர் வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அவள் வெறும் முடிச்சை மறுபடி அவிழ்த்துப் பார்த்தாள்.

"நாளைக்குக் கொண்டாரேங்க."

அவர் சட்டைப் பைக்குள் கையை விடுவதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள். கூப்பிட்டிருக்கலாம். ஆனால் சூப்பிரண்டின் கதவு திறந்திருந்தது. அவர் கூப்பிடவில்லை. மறுநாள் அவள் வேறு காசு கொண்டுவந்து நீட்டியபோது, அதையும் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார்.