அத்தான் போன் எடுத்த நவம்பர்

என் பாஸ்போர்ட் இருக்கும் மேசை லாச்சிக்குள் இரண்டு கலண்டர் தாள்கள் கிடக்கின்றன. இரண்டும் ரொறன்ரோவில் மோர்னிங்சைட்டில் அந்த நாளில் இருந்த ஒரு தமிழ்ப் பலசரக்குக் கடை வருடா வருடம் சும்மா கொடுத்தவை. மேலே முருகன், கீழே மாதம், ஓரத்தில் ராகு காலம். ஒன்று தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நவம்பர், மற்றது அதற்கு இரண்டு வருடம் பிந்திய ஒரு ஜூன். நவம்பர்த் தாளின் கட்டங்களுக்குள் அத்தானின் கையெழுத்து, எறும்பு ஊர்ந்தது போல. முதலில் மூன்று கட்டங்களில் ஒரே வசனம்: "எடுத்தா. வேலை எண்டு சொன்னன்." பிறகு வரிசையாக ஐந்து கட்டங்களில் ஒரு சொல் மட்டும்: "அடிச்சுது." ஆறாவதில் இரண்டு வரிகள். பயணம் வெளிக்கிடும்போது பாஸ்போர்ட்டை எடுத்தால் அந்தத் தாளும் கூடவே வரும். நான் எவ்வளவு பெரிய பயந்தாங்கொள்ளி என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. இப்போதும் அப்படித்தான், ஆனால் இப்போது கனேடியப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு பயப்படுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. அகதிக் கோரிக்கையை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். நிரந்தர வதிவிடத்துக்குப் போட்ட விண்ணப்பம் மட்டும் மூன்று வருடமாக எங்கோ ஒரு மேசையில் படுத்திருந்தது. அக்காவும் அத்தானும் இருந்த அப்பார்ட்மென்டில் ஓர் அறை எனக்கு. அத்தானுக்கு ஒஷாவாவில் கார்ச் சாமான் செய்யும் தொழிற்சாலையில் இரவு வேலை, அதனால் பகலில் வீட்டில் நிற்பது அவர் ஒருவர்தான். பேச்சுக் குறைவான மனிதர். நான் ஒரு பகிடி சொன்னால் அடுத்த நாள் பின்னேரம் சிரிப்பார். லண்டனிலிருந்து தங்கச்சியின் கடிதம் வந்தது: "அண்ணா, கலியாணம் பொருந்தியிட்டுது. எனக்கு இருக்கிற அண்ணன் நீங்கள் ஒரு ஆள்தான். வராட்டி மாப்பிள்ளைத் தோழனுக்கு நாங்கள் ஆரையாவது வாடகைக்குப் பிடிக்கவேணும்." மணமகளின் சகோதரன்தான் தோழனாக நின்று மாப்பிள்ளையின் காலைக் கழுவி மணவறைக்குக் கூட்டிப்போக வேண்டும். அந்த வேலைக்கு இருபத்தொன்பது கொஞ்சம் முற்றல்தான், ஆனால் வேறு ஆள் இல்லை.

போகலாம் என்றுதான் லோயர் கந்தோரில் சொன்னார்கள். அகதிகளுக்கான பயணப் பத்திரம் எடுத்தாயிற்று, அதில் லண்டன் விசாவும் குத்தியாயிற்று. "எந்தத் தேதியில் போய் எந்தத் தேதியில் வருகிறீர்கள் என்று இமிகிரேசனுக்கு ஒரு கடிதம் போட்டுவிடுங்கள்" என்றும் சொன்னார்கள். அந்தக் கடிதத்தை நான் போடவில்லை. என் கணக்கு இது: சும்மா படுத்திருக்கிற விண்ணப்பக் கோவையைத் தட்டி எழுப்பி, "நான் நாட்டில் இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வானேன்? மற்றது, எங்கள் ஆட்கள் பயணத்தை முன்கூட்டிச் சொல்வதில்லை. கண்ணூறு படும். எங்கள் கட்டடத்தில் ஒருவர் வெளிநாடு போவது பிளேன் ஏறிய அடுத்த நாள்தான் பக்கத்துக் கதவுக்குத் தெரியவரும். அந்த வழக்கத்தை நான் கனடா அரசாங்கம் வரைக்கும் நீட்டினேன், அவ்வளவுதான்.

வெளிக்கிடும் நாள் அத்தானுக்கு வகுப்பு எடுத்தேன். "ஆர் போன் எடுத்து என்னைக் கேட்டாலும் வேலைக்குப் போட்டான் எண்டு சொல்லுங்கோ."

"ஆர் எடுத்தாலுமோ?"

"பிரதமர் எடுத்தாலும்."

"சரி" என்றார். பிறகு, நான் சூட்கேசை நிறுத்துக்கொண்டிருக்கையில், "போட்டு வா. நான்தான் போகேல்லை" என்றார். எனக்கு அப்போது இரண்டு கிலோ கூடிவிட்டது. எந்த வேட்டியை எடுத்து வெளியே வைப்பது என்பதே யோசனை. அவர் சொன்னது காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை. முந்திய வருடம் அவருடைய அம்மா, அகதியாகப் போய் இருந்த திருச்சியில் செத்துப்போனா. அவரும் அக்காவும் போட்ட விண்ணப்பமும் என்னுடையதைப் போலவே எங்கோ படுத்திருந்தது. பேப்பர் வரமுதல் நாட்டை விட்டு வெளிக்கிட அவர் துணியவில்லை. கொள்ளி வைத்தது யாரோ தூரத்து உறவு. அத்தான் அன்றைக்கும் வேலைக்குப் போய் வந்தார்.

லண்டனில் முதல் பத்து நாளும் நான் ராசாதான். பதினோராம் நாள் வீட்டுக்குப் போன் அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. அக்கா பகலில் வேலை. ஆனால் அத்தான் போனுக்குப் பக்கத்துச் சோபாவில் படுக்கிற ஆள், எடுக்காமல் விடமாட்டார். மூன்றாம் நாள் என் கற்பனைக்குச் செட்டை முளைத்தது. இமிகிரேசன் வந்து அத்தானைக் கொண்டுபோய்விட்டது. நான்காம் நாள் அக்காவையும் கொண்டுபோனது. ஐந்தாம் நாள் நான் லண்டனிலேயே களவாக நின்றுவிட்டால் என்ன வேலை கிடைக்கும் என்று தங்கச்சியிடம் விசாரித்தேன். "அண்ணா, எனக்குத்தான் கலியாணம். பதட்டப்படவேண்டிய ஆள் நான்" என்றாள் அவள்.

கலியாணத்துக்கு முதல் நாள் ஒருவழியாக அத்தான் போனை எடுத்தார்.

"எங்க அத்தான் போனனீங்கள்? அஞ்சாறு நாளா அடிக்கிறன்!"

"எங்கயும் போகேல்லை. வீட்டிலதான். கந்தசட்டி."

அப்போதுதான் உறைத்தது. கந்தசட்டி விரதம். ஆறு நாளும் பாலும் பழமும், கடைசி நாள் பச்சைத் தண்ணீரும் இல்லை. அத்தான் பன்னிரண்டு வயதிலிருந்து விடாமல் பிடிக்கிற விரதம். மலிவான டிக்கெட்டைத் தேடிய மும்முரத்தில் நான் கலண்டரின் மேலே நின்ற முருகனைப் பார்த்தேனே தவிர, கீழே நாளைப் பார்க்கவில்லை.

"விரதத்தில பொய் சொல்ல ஏலாதே. அதுதான் போனை எடுக்கேல்லை. அதுக்கு முதல் இமிகிரேசன் மனுசி மூண்டு தரம் போன் எடுத்து உன்னைக் கேட்டவ. வேலை எண்டு சொன்னன். பிறகும் அடிச்சுக்கொண்டே இருந்துது. நேற்று எடுத்தன்."

"என்ன சொன்னீங்கள்?"

"உள்ளதைச் சொன்னன்."

"எந்த உள்ளதை?"

"எல்லாத்தையும். லண்டனுக்குப் போட்டான், தங்கச்சியின்ர கலியாணம், பயந்து சொல்லாமல் போட்டான், முதல் மூண்டு தரமும் நான் சொன்னது பொய், மன்னிக்கவேணும் எண்டு."

"நேற்றும் எடுக்காமல் விட்டிருக்கலாமே அத்தான்! ஒரு நாள்தானே!"

"அஞ்சு நாள் எடுக்காமல் விட்டதும் பொய்தானேடாப்பா" என்றார். பிறகு, தேதியையும் நேரத்தையும் சொல்லி, அந்த மனுசி அன்றைக்கு என்னை நேர்முகத்துக்கு வரச் சொன்னதாகவும், பயணப் பத்திரத்தையும் டிக்கெட்டையும் கொண்டுவரச் சொன்னதாகவும், தான் விரதம் முடித்துப் பாறணைச் சோறு சாப்பிடப் போவதாகவும் சொல்லிப் போனை வைத்தார்.

கலியாண வீடியோவில் என்னைப் பார்த்தால் பெண்ணை விட நான் அதிகம் கலங்கியிருப்பேன். காலைக் கழுவுகிறேன் என்று மாப்பிள்ளையின் வேட்டியை முழங்கால் வரை நனைத்தேன். திரும்பும் பயணத்தில், பிடித்து மறியலில் போட்டால் குளிருமே என்று மூன்று சேர்ட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டேன். ரொறன்ரோ விமான நிலையத்தில் அதிகாரி பத்திரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் வேர்த்து ஊற்றிக்கொண்டு, தங்கச்சியின் கலியாணத்துக்குப் போனேன் என்று சொல்லி, நாற்பது பேப்பர் அடங்கிய ஃபைலை நீட்டினேன். அவன் அதைத் திறக்கவுமில்லை. "கலியாணம் நல்லபடி நடந்ததா?" என்று கேட்டு முத்திரையைக் குத்தினான். அதற்குக்கூட நான் ஒரு கலியாணப் படத்தைச் சாட்சியாக எடுத்துக் காட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் கலண்டரைப் பார்த்தேன். ஆறாவது கட்டத்தில் முதல் வரி, "உள்ளதைச் சொன்னன்." இரண்டாவது வரியில் ஒரு நீண்ட இலக்கம். அந்த மனுசியின் போன் நம்பராக்கும் என்று நினைத்து, இலக்கம் இவ்வளவு நீளமா என்று அக்காவிடம் கேட்டேன்.

அக்கா கலண்டருக்குக் கிட்ட வந்து பார்த்தா. பிறகு, "உது இவற்ற கேஸ் நம்பர்" என்றா. "நீர் ஆர் எண்டு அவ கேட்டவவாம். பேரைச் சொல்லி, எங்கட ஃபைல் நம்பரையும் இவர் பாடமாச் சொல்லியிருக்கிறார்."

அத்தான் சோபாவில் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தார். "கேட்டா. சொல்லாமல் விட ஏலுமே" என்றார். தாய் செத்த வீட்டுக்குக்கூடப் போகாமல் அவர் காத்து வைத்திருந்தது அந்த ஓர் இலக்கத்தைத்தான். அன்றைக்குத்தான், சூட்கேசுக்குப் பக்கத்தில் நின்று அவர் சொன்ன அந்த வசனம் எனக்குள் இறங்கியது. எனக்குப் பகிடி ஒன்றும் வரவில்லை. அது அபூர்வம்.

நேர்முகத்துக்கு அத்தானும் வந்தார். பொய் சொன்னவர் தான்தான் என்பதால் தானும் வரவேண்டுமாம். கண்ணாடி போட்ட, நரைத்த அந்த அம்மா எங்கள் இருவரையும் பார்த்து, "எப்போதும் வேலையில் இருக்கிறவர் யார்?" என்று கேட்டா. நான் கையை உயர்த்தினேன், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. பத்திரம் சரியாக இருக்கிறது, போய் வந்ததில் பிழை எதுவும் இல்லை, ஒரு கடிதம் போட்டிருந்தால் தான் ஒன்பது தரம் போன் எடுத்திருக்கத் தேவையில்லை என்றா. பிறகு அத்தானைப் பார்த்து, கடைசியில் ஏன் உண்மையைச் சொன்னீர்கள் என்று கேட்டா. விரதம் என்றார் அத்தான். "போன் எடுக்கிற எல்லாரும் விரதம் இருந்தால் என் வேலை பாதியாகக் குறையும்" என்றா அவ. அத்தான் சிரித்தது அடுத்த நாள் பின்னேரம்.

என் பேப்பர் அடுத்த வசந்தத்தில் வந்தது. அத்தானுடையது அதற்குப் பிறகும் ஒரு வருடம் கிடந்தது. அதற்கும் அந்தப் போன் பேச்சுக்கும் சம்பந்தம் இல்லை என்று லோயர் சொன்னார். நான் இன்றைக்கும் அதைப் பாதிதான் நம்புகிறேன்.

பேப்பர் வந்து இரண்டு மாதத்தில் அத்தான் திருச்சிக்கு டிக்கெட் போட்டார். வழக்கத்தை எல்லாம் மீறி, கட்டடத்தில் லிப்டில் ஏறுகிறவர் இறங்குகிறவருக்கெல்லாம் ஒரு மாதம் முன்னதாகவே சொல்லிக்கொண்டு திரிந்தார். தாயின் சாம்பலை யாரோ கரைத்த படித்துறையில் ஒரு தரம் முழுக வேண்டும், அவ்வளவுதான் பயணம். விமான நிலையத்தில் நான் வழக்கம்போல வாயைக் கொடுத்தேன். "ஆரும் போன் எடுத்தா என்ன அத்தான் சொல்ல? வேலைக்குப் போட்டார் எண்டோ?"

அவர் யோசித்தார். பகிடிக்குப் பதில் யோசிக்கிற மனிதர். "அம்மாவிட்டப் போட்டார் எண்டு சொல்லு" என்று சொல்லிவிட்டு வரிசையில் போய் நின்றார்.

அந்த ஜூனில் நான் லீவு எடுத்துக்கொண்டு இரண்டு நாள் அந்தச் சோபாவில் போனுக்குப் பக்கத்தில் இருந்தேன். இமிகிரேசன் போன் எடுக்கவில்லை, வேறு யாரும் எடுக்கவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் ஒருவழியாக அடித்தது. கார்ப்பெட் கழுவித் தருகிற கம்பனிப் பெண் ஒருத்தி, வீட்டுக்காரர் நிற்கிறாரா என்று கேட்டாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, தன் அம்மாவிடம் போயிருக்கிறார் என்றேன். "அப்படியா, நல்லது. ஆறுதலாக இருந்துவிட்டு வரட்டும்" என்றாள் அவள், தெரியாமல்தான். போனை வைத்துவிட்டு எழுந்துபோய், முருகனுக்குக் கீழே அன்றைய கட்டத்தில் எழுதினேன்: "எடுத்தா. உள்ளதைச் சொன்னன்."