பாதி மலையில் வந்த வலி

முருகனடியார்களே, என்னைப் பாதி மலையில் உட்கார வைத்து அவன் காப்பாற்றியதை உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும்.

நான் அம்மையார்குப்பத்தில் விசைத்தறி ஓட்டுகிறவள். பல வருடமாக டயாலிசிஸ். அளந்துதான் தண்ணீர் குடிக்கிறேன். இதற்கெல்லாம் நான் அழுததில்லை. ஆனால் "இவ இன்னும் எத்தினி நாளிக்கு?" என்று சொந்தக்காரர்கள் என் காதுபடவே பேசியபோது வயிறு எரிந்தது. "ஆயுசு கொடு, இவர்கள் முன்னாலேயே உன் மலை ஏறுகிறேன்" என்று திருத்தணி முருகனுக்குப் பூக்காவடி நேர்ந்துகொண்டேன்.

அதற்கு முன்பே டாக்டர் வயிற்றை ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரர் சிரித்தார். "செத்துப்போன கிட்னிக்கு இன்னாத்துக்குடி ஸ்கேனு?" எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது, எடுக்காமலே விட்டுவிட்டேன்.

ஆடிக் கிருத்திகை அன்று, டயாலிசிஸுக்கு ஊசி போடும் இடது கையில் பாரம் படாமல், காவடியை வலது தோளில் வைத்து ஏறினேன். பாதி மலையில் விலாவுக்குக் கீழே குத்தியது பாருங்கள், அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். சுற்றிலும் அரோகரா சத்தம். எனக்கோ ஆத்திரம்.

"உன்ன நம்பித்தானே வந்துகினு இருக்கேன்! ஆயுசு கேட்டா வலியா குடுக்கற?" என்று வாய்விட்டுத் திட்டினேன். வீட்டுக்காரர் காவடியை வாங்கிக்கொண்டு என்னைக் கீழே இறக்கினார். கொஞ்சநஞ்சம் போகும் சிறுநீரும் அன்று சிவப்பாகப் போனது.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். "ரொம்ப வருஷம் டயாலிசிஸ்ல இருந்தா, சுருங்கிப்போன கிட்னியிலயும் நீர்க்கட்டி வரும்மா. அதுல ஒண்ணு உடைஞ்சு ரத்தம் கசிஞ்சிருக்கு" என்றார் டாக்டர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "பக்கத்துல புற்றுக்கட்டி மாதிரி ஒண்ணு தெரியுது. சின்னதுதான். இந்த வலி வரலைன்னா நீங்க வந்திருக்கவே மாட்டீங்க."

சத்தியமாக வந்திருக்க மாட்டேன். அந்தக் கிட்னியையே எடுத்துவிட்டார்கள். புற்றுதான், ஆனால் எங்கேயும் பரவவில்லை.

"காவடிய பாதியில எறக்கிட்டா இல்ல, அதான் சாமி குத்தம்" என்றார்கள் சொந்தக்காரர்கள்.

"ஆங், குத்தம்தான். கேட்டதைக் குடுத்த குத்தம்" என்றேன்.

அடுத்த ஆடியில் காவடியோடு அவன் சந்நிதியிலேயே போய் நின்றேன். திட்டியதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. "வந்துட்டேன் பாரு" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

டயாலிசிஸில் இருக்கும் சகோதர சகோதரிகளே, அவனை நம்புங்கள். கோபம் வந்தால் திட்டுங்கள், தாங்குவான். அவனே கோபம் தணிய வந்து நின்ற மலைதானே இது. ஆனால் செத்த கிட்னிதானே என்று ஸ்கேனை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். எல்லாரையும் அவன் படியில் உட்கார வைத்துச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டான்.