நீல மூடிக் குழாயின் கோடு

அவசரப் பிரிவு நர்சுகள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் கோட்டக்கா. நீல மூடி போட்ட குழாயில் ரத்தம் கோடு வரைக்கும் ஏறாவிட்டால், எந்த டாக்டர் அனுப்பியிருந்தாலும் சரி, பரிசோதனைக் கூடத்திலிருந்து திருப்பி விடுவாள். ரத்தம் உறையாமலிருக்க அந்தக் குழாயில் முன்கூட்டியே கொஞ்சம் திரவ மருந்து இருக்கும். ரத்தம் குறைந்தால் மருந்து கூடி, ரத்தம் நீர்த்துப்போய், சோதனை பொய் சொல்லும்.

அன்று மத்தியானம் வந்த குழாயில் பாதிக்குத்தான் ரத்தம் இருந்தது. ஓரமாக வைக்கப் போனவள், ஒட்டியிருந்த பெயரைப் பார்த்தாள். அவள் கணவனின் பெயர்.

உடனே அவசரப் பிரிவுக்குப் போன் செய்தாள்.

"உங்க வீட்டுக்காரர்தான் அக்கா," என்றாள் நர்ஸ். "லாரியை விட்டு இறங்கினதும் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டாராம். மாரடைப்பு மாதிரி தெரியலை. ரத்தக் கட்டி ஏதாவது நுரையீரலுக்குப் போயிருக்குமோன்னு பார்க்க டாக்டர் டி-டைமர் சோதனை கேட்டிருக்கார். குறைவா வந்தா அந்தச் சந்தேகத்தை விட்டுடலாம், கூடினா ஸ்கேன். ஊசியைக் கண்டதும் கையை இழுத்துக்கிட்டார், அவ்வளவுதான் எடுக்க முடிஞ்சது. இன்னிக்கு ஒருநாள் கோட்டை மறந்துடுங்களேன்."

அதற்குள் நாத்தனார் ஜன்னலுக்கு வந்துவிட்டாள். முகமெல்லாம் கண்ணீர்.

"அண்ணி, அண்ணனுக்கு மூச்சு வாங்குது. இருக்கிற ரத்தத்தை வெச்சுப் பாருங்களேன்."

அவளுக்கும் ஆசைதான். குறைவு என்று ஒரு விடை வந்தால், சாயங்காலமே கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப் போகலாம். ஆனால் அந்த அரைக் குழாய் சொல்லும் 'குறைவு'தான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"மறுபடி எடுக்கச் சொல்லும்மா," என்றாள்.

"கட்டின புருஷனுக்குமா?" நாத்தனாரின் குரல் உடைந்தது.

"அவருக்குத்தான் முதல்ல. நீ போய் அவர் கையைப் பிடிச்சுக்கோ."

இரண்டாவது குழாய் கோடு வரைக்கும் நிறைந்து வந்தது. கருவி சுற்றி முடிக்கும்வரை அவள் உட்காரவில்லை. திரையில் வந்த எண் எல்லையைக் கொஞ்சம்தான் தாண்டியிருந்தது. பாதி ரத்தத்தில் அந்தக் கொஞ்சமும் கரைந்து போயிருக்கும். உடனே டாக்டரைக் கூப்பிட்டு எண்ணைச் சொன்னாள்.

ஸ்கேனில் நுரையீரலின் ரத்தக் குழாய் ஒன்றில் சின்னக் கட்டி தெரிந்தது. நாள் முழுக்கக் காலை மடக்கி வண்டி ஓட்டியதில் காலில் ரத்தம் உறைந்து, அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. அப்போதே ரத்தம் உறையாத மருந்தைத் தொடங்கினார்கள்.

வேலை முடிந்து கட்டிலருகே போய் நின்றாள். மூச்சு சீராகியிருந்தது.

"என் ரத்தத்தையே வேண்டாம்னு திருப்பி அனுப்பினியாமே," என்றான்.

"பாதிதான் குடுத்தீங்க."

"ரெண்டாவது தடவை குத்தினப்போ உன்னைத்தான் திட்டினேன்."

"திட்டுங்க," என்றாள். ஊசி குத்திய இடத்திலிருந்த பஞ்சை மெல்ல எடுத்துவிட்டு, அங்கேயே தன் விரலை வைத்துக்கொண்டாள். "நாளைக்கும் வந்து கேட்டுக்கறேன்."