தண்ணீர் குடிக்காமல் வருகிறவர்கள்

முத்தியால்பேட்டையில் எனக்கு ஒரு சின்னத் தையல் கடை. ரவிக்கைதான் அதிகம் தைக்கிறேன். கடைக்குப் பின்னால் ஒரு குறுகலான சந்தும் அதன் கோடியில் ஒரு கழிப்பறையும் உண்டு. வாடகைக்கு எடுத்தபோது அதை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. ஒரு கோடைக்கால மத்தியானத்தில்தான் நினைக்க வேண்டி வந்தது.

அன்று ஒரு பெண் வாசலில் வந்து நின்றார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். கையில் ஸ்வீட் கடைப் பை. உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. முகமெல்லாம் வியர்வை.

"என்னக்கா, தைக்கணுமா?" என்றேன்.

"பாத்ரூம் இருக்குதாம்மா?" என்றார். பக்கத்தில் நின்றவருக்குக்கூடக் கேட்டிருக்காது.

பின்னால் கையைக் காட்டினேன். திரும்பி வந்ததும் முக்காலியில் உட்கார வைத்து ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாரே தவிர, குடிக்கவில்லை.

"இன்னும் பஸ்ல போவணும்மா. டவுனுக்கு வர்ற அன்னிக்கு நான் தண்ணி குடிக்கறதில்ல. காலையில மாத்திர போட ஒரு வாய், அவ்ளோதான்."

மேற்கே ஒரு கிராமத்தில் கொஞ்சம் நிலம் வைத்திருக்கிற குடும்பம். நிலத்தில் வேலை இல்லாத நாட்களில் டவுனுக்கு வந்து இரண்டு அலுவலகங்களைப் பெருக்கித் துடைக்கிறார். சர்க்கரை வியாதி வேறு. அன்று வழியில் ஒரு மருந்துக் கடையில் கேட்டிருக்கிறார், இல்லை என்றார்கள். ஒரு துணிக்கடையில் பதிலே சொல்லவில்லை. ஸ்வீட் கடையில், "வாங்கறவங்களுக்கு மட்டுந்தான்" என்றார்களாம். வாங்கினார். வாங்கிய பிறகு, "அது ஸ்டாஃபுக்கு" என்றுவிட்டார்கள்.

"சக்கர இருக்கறவ நான், லட்டு வாங்கிட்டு நின்னேன் பாரு," என்று சொல்லி, பையை என்னிடம் நீட்டினார். "உன் புள்ளைங்களுக்குக் குடு."

அந்த லட்டைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக இறங்கவில்லை. ஆண்களுக்கு இந்த ஊரில் எந்த மதில் சுவரும் போதும். சனி ஞாயிறு வெளியூர்க்காரர்கள் வந்தால் பிரெஞ்சுக்காரர் காலத்து மஞ்சள் சுவரைக் காட்டிப் பெருமைப்படுகிறோம். அதே ஊரைப் பெருக்கித் துடைக்க வருகிற ஒரு பெண், வெயிலில் வாயைக் கட்டிக்கொண்டு நடக்கிறார். இதை யாரும் யாருக்கும் செய்கிற கொடுமையாகக்கூட நினைப்பதில்லை.

"எப்ப வேணா வாக்கா. கேக்கவே வேணாம், நேரா உள்ள போ," என்றேன்.

அவர் வந்தார். தெரிந்தவர்களிடமும் சொல்லியிருக்கிறார். பூ விற்கிறவர் வந்தார். பிள்ளைச்சாவடியிலிருந்து கூடையில் மீன் கொண்டுவந்து தெருத் தெருவாக விற்கிற இரண்டு பெண்கள் வந்தார்கள். போகும்போது அவர்களே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுத்தான் போனார்கள்.

மாடியில் வீட்டுக்காரர் இருக்கிறார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவர். தெருவில் எல்லோரும் பிரெஞ்சு மரியாதையாக முசியே என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் இறங்கி வந்தார்.

"யார் யாரோ வந்துட்டுப் போறாங்களே. மீன் நாத்தம் மேல வரைக்கும் அடிக்குது."

"அவங்ககிட்டதானே முசியே நீங்க மீன் வாங்கறீங்க?"

"மீன் வாங்கறேன். அதுக்காக வீட்டத் தெறந்து விடணுமா? உங்களுக்குத்தான் வாடகைக்கு விட்டேன், ஊருக்கு இல்ல."

குரலை உயர்த்தவே இல்லை. அந்த நிதானம்தான் என்னை அதிகம் எரித்தது. மறுநாள் கழிப்பறைக் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. என்னிடம் ஒரு சாவியைக் கொடுத்தனுப்பினார்.

அன்று வந்த மீன்காரப் பெண் பூட்டைப் பார்த்தார். கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தார். ஓடிப் போய்க் கையைப் பிடித்தேன்.

"பரவால்லக்கா, எங்களால ஒனக்கு எதுக்குத் தொந்தரவு," என்றார். பழகிப்போன குரல்.

திறந்துவிட்டேன். பிறகு சாவியைக் கடை வாசலில், எல்லோர் கைக்கும் எட்டுகிற இடத்தில், ஆணி அடித்து மாட்டினேன்.

அன்று சாயங்காலமே முசியே வந்து நின்றார். "சாவி உங்களுக்குக் குடுத்தது."

"எனக்குக் குடுத்தத எங்க மாட்டறதுன்னு நான்தானே முசியே பாக்கணும்?"

"அப்ப கடையக் காலி பண்ணுங்க."

"எழுதிக் குடுங்க. எதுக்காகன்னும் எழுதுங்க. பொம்பளைங்க ஒண்ணுக்குப் போறாங்க, அதனால காலி பண்ணச் சொல்றேன்னு எழுதுங்க." தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள்.

மாடிப்படியில் அவர் மனைவி நின்றிருந்தார். நாங்கள் மதாம் என்போம், அதிகம் பேசாதவர். "மேல வாங்க," என்றார் கணவரிடம். "பிரான்சுக்குப் போன புதுசுல, கைல கொழந்தைய வச்சிக்கிட்டு ஒவ்வொரு கஃபே வாசல்லயும் போயி பாத்ரூம் கேட்டு நின்னேனே. எவன் உள்ள விட்டான்? அன்னிக்கு அவனுங்கள நீங்க திட்டுன திட்டு எனக்கு இன்னும் காதுல இருக்குது."

முசியே சாவியைப் பார்த்துவிட்டுப் படியேறினார். பூட்டை எடுக்கவில்லை. என்னைக் காலி பண்ணச் சொல்லவும் இல்லை. சாவி ஆணியிலேயே தொங்குகிறது.

போன வாரம் ஒரு வாடிக்கைக்காரர் வந்திருந்தார். மீன்காரப் பெண் சாவியை எடுத்துப் போவதைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குப் பெரிய மனசு," என்றார். எனக்குச் சுரீர் என்றது. ஒரு கதவைத் திறந்துவிட மனசு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? இதற்கெல்லாம் பாராட்டு கிடைக்கிற ஊரில்தான் அந்த லட்டையும் விற்றார்கள்.

"உங்க வீடு பஸ் நிக்கற எடத்துலதானே இருக்குது. கேட்டுக்குப் பக்கத்துலயே ஒரு பாத்ரூம் சும்மாதானே கெடக்குது. நீங்களும் தெறந்து விடலாமே," என்றேன்.

அவர் சிரித்தார். அளவு ரவிக்கையை மேசைமேல் வைத்து, கையை மட்டும் கொஞ்சம் தளர்த்தித் தைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.