நாலாவது பாட்டு

படப்பையில் பாரிமுனை பஸ் ஏறும்போது சுப்பிரமணி சட்டைப்பையில் ஒரு ஸ்க்ரூ டிரைவரைச் செருகிக்கொண்டார். சி.டி. பிளேயர் வாங்கப் போகிற மனுஷனுக்கு ஸ்க்ரூ டிரைவர் எதற்கு என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை. மனைவி சரோஜா போய் ஆறு வருஷம். மகன் சுபாஷ் சிங்கப்பூர் போய் நாலு வருஷம்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ஃபேக்டரியில் அவர் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஓடுகிற மிஷின் மேல் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டாரென்றால், உள்ளே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். மிஷினுக்குக் கொடுத்த காதை மகனுக்குக் கொடுத்ததில்லை. அவன் புல்லாங்குழலை எடுத்தாலே, "இன்னாடா, எப்பப் பாத்தாலும் ஊதிக்கினே கீற? ஐ.டி.ஐ.ல சேர்ற வழியப் பாரு" என்பார். அந்தப் பிள்ளைதான் இப்போது அங்கே ஒரு ரெக்கார்டிங்கில் வாசித்து, அந்த சி.டி.யை அனுப்பியிருந்தான். நாலாவது பாட்டு அவனுடையது, ஆறு நிமிஷம். இந்த ஒரு தடவையாவது அவனை ஒழுங்காகக் கேட்டுவிட வேண்டும் என்று அவருக்கு மனசு அடித்துக்கொண்டது.

பர்மா பஜார் கடைக்காரர் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்துவிட்டுப் பாட்டுப் போடப் போனார்.

"பாட்டு வாணாம்பா. சும்மா ஓடவுடு, போதும்."

ஒவ்வொன்றின் மேலும் ஸ்க்ரூ டிரைவரை ஊன்றிக் கேட்டார். ஒன்று கரகரத்தது. இன்னொன்றின் மோட்டார் முனகியது. மூன்றாவது, நல்ல கனமான கறுப்புப் பெட்டி. தட்டு சுற்றுகிறதா இல்லையா என்பதே தெரியவில்லை. சுப்பிரமணியின் முகம் மலர்ந்துவிட்டது.

"சார், இது வெறும் டிரான்ஸ்போர்ட்டு சார், இதுக்கு வந்து..."

"மிஷினப் பத்தி எனக்கே சொல்றியா? பேக் பண்ணுப்பா."

பெரிய மேதாவி! வீட்டிலிருந்த பழைய ஆம்ப்ளிஃபையரோடு இணைத்தால் 'உஸ்' என்ற இரைச்சல்தான் வந்தது. மறுநாள் ரேடியோ ரிப்பேர் சாம்சன் வந்து பின்பக்கம் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"அண்ணே, ரொம்ப ஒசந்த மிஷின்தான். ஆனா இது வெறும் டிரான்ஸ்போர்ட்டு, தட்டப் படிக்கிறதோட சரி. படிச்சத பாட்டா மாத்தறதுக்குத் தனியா ஒரு பொட்டி வேணும். மெட்ராஸ்ல அது லேசுல கெடைக்காது. கடையில பாட்டுப் போட்டுப் பாக்கலியா நீ?"

சுப்பிரமணி சி.டி.யைத் திரும்ப உறையில் போட்டார். அவமானத்தைவிட ஏமாற்றம்தான் அதிகமாக வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு எஸ்.டி.டி. பூத்துக்கு சுபாஷின் போன் வந்தது.

"அப்பா, கேட்டியா?"

கேட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். வேறு என்னவோ வந்துவிட்டது.

"இல்லடா. பாட்டு வராத பொட்டியா பாத்து வாங்கிட்டேன். நீ ஒரு தபா வந்து சரி பண்ணிக் குட்த்துட்டுப் போயேன்."

இந்த நாலு வருஷத்தில் அவர் அவனை வா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"அதுக்கு நான் எதுக்குப்பா? மாடல் நம்பரச் சொல்லு, வேண்டியத பார்சல்ல அனுப்பிடறேன்."

"சரிடா" என்றார் சுப்பிரமணி.

வீட்டுக்கு வந்து தட்டைப் போட்டு நாலாம் எண்ணை அழுத்தினார். பெட்டியின் முகப்பில் விநாடிகள் ஓட ஆரம்பித்தன. சுப்பிரமணி ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பெட்டியின் மேல் ஊன்றி, பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டார். ஆறு நிமிஷமும் அப்படியே அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பேரிங் சுத்தமாக இருந்தது.