பள்ளத்துக்குக் காவல்

பொன்னுரங்கத்தின் வேலை ஒரு பள்ளத்தைக் காவல் காப்பது. யாரும் அதில் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்வது என்று நினைத்துவிட வேண்டாம். யாரும் அதை மூடிவிடாமல் பார்த்துக்கொள்வது. அதற்காக அவருக்கு ஆரஞ்சு நிறத்தில் மேல்சட்டை, ஒரு விசில், ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகை எல்லாம் கொடுத்திருந்தார்கள். சம்பளம் மாதம் தவறாமல் வந்தது. எல்லாம் சர்க்கார் பணம்.

முதலில் அது பள்ளமாக இல்லை, நல்ல ரோடாகத்தான் இருந்தது. திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற சாலையில், கன்டெய்னர் லாரிகள் ஒன்றின் வாலை ஒன்று முட்டிக்கொண்டு நிற்கும் இடம் அது. நெடுஞ்சாலையில் புதிதாக எதையாவது செய்து பார்க்கிறேன் என்கிறவர்களுக்கு சர்க்கார் ஆராய்ச்சி நிதி கொடுக்கிறது. ஒரு பொறியியல் கல்லூரிப் பேராசிரியை விண்ணப்பம் போட்டு, தில்லி வரை போய்த் திரையில் படம் காட்டிப் பேசி, அந்த நிதியை வாங்கி வந்துவிட்டார். கிழிந்துபோன மீன்வலைகளை உருக்கித் தாரோடு கலந்து ரோடு போடுவது அவர் திட்டம். கடலோரக் குப்பையும் குறையும், ரோடும் கெட்டிப்படும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. கேட்க நன்றாக இல்லாததற்கு யார் பணம் கொடுக்கப்போகிறார்கள்?

வலைகளைப் பக்கத்து மீனவர் குப்பத்தில்தான் வாங்கினார்கள். பொன்னுரங்கம் தன் வலைகளை ஒன்று விடாமல் தூக்கிக் கொடுத்தார். அவை அவருக்குப் பயன்படப்போவதில்லை. விசைப்படகில் வலையைச் சுருட்டி இழுக்கிற விஞ்சு எந்திரத்தின் கயிற்றில் வலது கை மாட்டி மூன்று விரல் போய்விட்டது. கையாவது மிஞ்சியது என்றால் அது அய்யாத்துரையால். அன்றைக்கு அதே போட்டில் இருந்த அவன்தான் கயிற்றை வெட்டிவிட்டான். அதற்கப்புறம் பொன்னுரங்கம் வீட்டில் உட்கார்ந்தார். மனைவி மங்கை மீன் விற்றுச் சோறு போட்டாள். ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. அவள் சொல்லிக்காட்டாததுதான் அவரைத் தின்றது. அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே போகிற வரைக்கும் தூங்குகிற மாதிரி படுத்துக் கிடப்பார்.

அந்த நேரத்தில்தான் பேராசிரியையிடம் வேலை பார்க்கிற தீபன் என்கிற பையன், ரோட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று குப்பத்துக்கு வந்தான். பொன்னுரங்கத்துக்குச் சட்டை கிடைத்தது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. ஆடி மாதம் கோயிலில் கூழ் வாங்கப் போனபோதும் அதைப் போட்டுக்கொண்டுதான் போனார். "நம்ம வல மேலதாண்டா இத்தினி லாரியும் ஓடிகினு கீது" என்று தெரிந்தவன் தெரியாதவனிடமெல்லாம் சொன்னார். காலையில் மங்கைக்கு முன்னால் எழுந்து, அவள் பார்க்கச் சட்டையை மாட்டினார்.

வேலைக்கு ஒரே நிபந்தனை. இரண்டு மழைக்காலத்தை ரோடு தானாகத் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அதுவரை எவனும் அதில் ஒரு கூடை ஜல்லிகூடக் கொட்டக் கூடாது. கொட்டினால் சோதனை கெட்டது. சோதனை கெட்டால் சர்க்கார் அடுத்த தவணை நிதியைத் தராது. நிதி நின்றால் காவலுக்கு ஆள் எதற்கு? பொன்னுரங்கம் இதை நன்றாகவே புரிந்துகொண்டார்.

முதல் மழைக்காலம் தப்பியது. இரண்டாவதில், ஐப்பசி பிறந்ததும், லாரிகள் பிரேக் பிடிக்கிற இடத்தில் ஒரு குழி விழுந்தது. அதோடு எல்லாம் முடிந்தது என்று பொன்னுரங்கம் பயந்துபோனார். தீபனோ சிரித்தான்.

"பள்ளமும் ஒரு ரிசல்ட்தாங்க. அது எப்படி வளருதுன்னு பாக்கணும்."

குழியைச் சுற்றி வெள்ளை வட்டம் போட்டார்கள். கம்பத்தில் கேமரா மாட்டினார்கள். வாரம் தவறாமல் வந்து ஆழம் பார்த்தார்கள், அகலம் பார்த்தார்கள். அந்தக் குப்பத்தில் பிறக்கிற குழந்தையைக்கூட யாரும் இத்தனை தடவை எடை பார்த்ததில்லை.

"சுத்தி தடுப்பு வெச்சிரலாமே சார்?" என்று பொன்னுரங்கம் ஒரு தடவை கேட்டார்.

"தடுப்பு வெச்சா லாரி ஒதுங்கிப் போயிடும். வெயிட்டு விழலைன்னா எப்படிப்பா வளரும்?"

பொன்னுரங்கம் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். பள்ளத்தை மூட வந்தவர்களை விசில் ஊதித் துரத்தினார். ஆட்டோக்காரர்கள் வீடு இடித்த கல்லை மூட்டையில் கொண்டுவந்தார்கள், துரத்தினார். மட்டிச் சிப்பி ஓடுகளைக் கூடையில் அள்ளி வந்த கிழவியைக்கூட விடவில்லை. "சர்க்கார் பள்ளம்மே இது, தொடாத" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு மிடுக்கு வந்தது. நாய்க்கு அதிகாரம் கொடுத்தால்கூட இத்தனை விசுவாசம் காட்டியிருக்காது.

அய்யாத்துரை அதற்குள் கடலை விட்டு ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். அவன் கல்லும் கொண்டுவரவில்லை, சண்டைக்கும் வரவில்லை. ஒரு நாள் பழைய கொடிக்கம்பு ஒன்றை எடுத்துவந்து பள்ளத்தின் உள்ளோரத்தில், லாரிச் சக்கரம் படாத பக்கமாக ஊன்றிவிட்டுப் போனான். மூங்கில் கம்பு, நுனியில் சிவப்புத் துணி. அவன் மனைவி ராஜாத்தியின் பழைய புடவையில் கிழித்தது.

"இன்னாடா இது?"

"கொடி, மாமு. உனக்குத் தெர்யாதா? நா ஒன்னும் மூடல. உன் பள்ளம் உன்கிட்டயே கீது. ஜனம் பாத்து ஓட்டட்டும்."

அவருக்குத் தெரியாதா என்ன. கடலில் வலை போட்டிருக்கும் இடத்திலும், அடியில் உடைந்த போட்டு கிடக்கும் இடத்திலும் நடுகிற கொடி அது. இருட்டோ புயலோ, அடுத்தவன் நட்ட கொடியை ஒருவரும் தொட மாட்டார்கள். தொட்டவன் கரைக்கு வந்ததும் ஊர்ப் பஞ்சாயத்தில் நிற்க வேண்டும். முப்பது வருடக் கடல் வாழ்க்கையில் பொன்னுரங்கம் எவன் கொடியையும் தொட்டதில்லை. இதையும் தொடவில்லை. கேமராவில் கம்பு தெரிகிறது என்று தீபன் முணுமுணுத்தபோது, "இருந்துட்டு போவட்டும் சார்" என்று கெஞ்சி வைத்தார்.

கொஞ்ச நாளில் அந்த வழியாகப் போகிற எல்லோரும் கொடியைப் பார்த்தே ஓட்டப் பழகிவிட்டார்கள். ராஜாத்தியும் அப்படித்தான். விடியற்காலையில் காசிமேட்டில் மீன் எடுத்து, மொபெட்டில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு எண்ணூர்ப் பக்கம் விற்கப் போகிறவள். கொட்டகையைத் தாண்டும்போது வண்டியை மெதுவாக்கி, பள்ளத்தைக் காட்டி, "இன்னா மாமா, உன் புள்ள இன்னா ஒசரம் வளந்துகினான்?" என்று கேட்டுவிட்டுப் போவாள். அவரும் சிரிப்பார்.

கார்த்திகையில் ஒரு சாயங்காலம் தீபன் வந்தான்.

"நாளைக்குக் காலைல தில்லிலேருந்து குழு வருது. அவங்க பாத்து எழுதினாத்தான் அடுத்த நிதி. அந்தக் குச்சி நின்னா யார் நட்டதுன்னு கேப்பாங்க. உன் வேலைதான் போகும், பாத்துக்க."

விடிவதற்குள் பொன்னுரங்கம் போய்க் கம்பைப் பிடுங்கினார். ஊன்றியவன் ஆழமாகத்தான் ஊன்றியிருந்தான். மீதி இருக்கிற விரல்களால் ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டியிருந்தது. மனசு ஒத்துக்கொள்ளவில்லை. அவங்க வந்துட்டு போவட்டும், அப்பால நானே நட்டுடுறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கம்பைக் கொட்டகை மூலையில் சாய்த்து வைத்தார்.

அப்புறம் மழை பிடித்தது. அரை மணியில் ரோடு முழுக்க ஒரே தண்ணீர்ப் பரப்பு. வெள்ளை வட்டமும் தெரியவில்லை, பள்ளமும் தெரியவில்லை. திரும்பப் போய் நட்டுவிடலாமா என்று யோசித்தார். யோசித்தார், அவ்வளவுதான். "கிளம்பிட்டாங்க, வந்துட்டே இருக்காங்க" என்று தீபன் போனில் சொல்லிக்கொண்டே இருந்தான். பொன்னுரங்கம் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு, கொட்டகை வாசலில் காரை எதிர்பார்த்து நின்றார்.

கார் வரவில்லை, ராஜாத்திதான் வந்தாள். தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு, மழையில் கண்ணை இடுக்கிக்கொண்டு கொடியைத் தேடி வந்தாள். கொடி கண்ணில் படாததால் பள்ளம் இன்னும் முன்னால் இருக்கிறது என்று நினைத்திருப்பாள். வண்டியின் முன்சக்கரம் முழுசாக உள்ளே இறங்கியது. அவள் தெறித்து விழுந்தாள். பின்னால் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர் லாரி. டிரைவர் பிரேக் பிடித்தான், பாவம், நின்றால்தானே. பெட்டி திறந்து சங்கரா மீன்கள் தண்ணீரில் மிதந்து பொன்னுரங்கத்தின் காலடி வரை வந்தன. அவர் விசிலை எடுத்து ஊதினார், ஊதிக்கொண்டே இருந்தார். யாரோ வந்து வாயிலிருந்து பிடுங்க வேண்டியிருந்தது.

மத்தியானம் தில்லிக்காரர்கள் குடை பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். காலையில் ஒரு விபத்து என்று கேள்விப்பட்டு உச்சுக்கொட்டினார்கள். பிறகு தண்ணீரை இறைக்கச் சொல்லிப் பார்த்தார்கள். இத்தனை மழையிலும் லாரிகளிலும் பள்ளத்தின் விளிம்பு உடையாமல் இருந்தது. வலை கலந்த தார் பிடித்து நிற்கிறது என்று ஒருவர் முழங்கால் போட்டு உட்கார்ந்து விரலால் தடவிப் பார்த்தார். எல்லோருக்கும் சந்தோஷம்.

நொறுங்கிய மொபெட்டைப் போலீஸ் கொட்டகையோரம் போட்டிருந்தது. இரண்டு நாள் கழித்து அதை எடுக்க வந்த அய்யாத்துரை, கதவு வழியாக மூலையில் இருந்த கம்பைப் பார்த்தான். உள்ளே வந்து சிவப்புத் துணியைக் கையில் பிடித்துப் பார்த்தான். பொன்னுரங்கம் அவன் அடிப்பான் என்று காத்திருந்தார். அடித்திருந்தால் தேவலை. அவன் துணியை விட்டுவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான்.

பொன்னுரங்கம் தானாகவே பஞ்சாயத்தில் போய் நின்றார். தலைவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கடல்ல புடுங்கியிருந்தா அபராதம் போட்டுருப்போம். தரையில புடுங்குனதுக்கு எங்ககிட்ட சட்டம் இல்ல. போ."

தண்டனைகூடக் கொடுக்க மாட்டேன் என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் அன்றிலிருந்து மார்க்கெட்டில் மங்கைக்குப் பக்கத்தில் எவளும் கூடை வைக்கவில்லை. குப்பத்து ஆட்கள் அவளிடம் மீன் வாங்கவில்லை. செய்தது இவர், பட்டது அவள். அவள் அப்போதும் சொல்லிக்காட்டவில்லை. சோறு போட்டு வைத்துவிட்டு ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"கடலா இருந்தா புடுங்கியிருப்பியாய்யா?"

 அவர் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோய்க் கையைக் கழுவினார்.

மறுநாள் காலையில் கொடிக்கம்பைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கி நின்றார். முழங்காலுக்கு மேல் ஆழம். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள், கெட்ட வார்த்தையில் திட்டினார்கள், ஒதுங்கிப் போனார்கள். அவர் நகரவில்லை. அடுத்த இரண்டு நாளும் வந்து நின்றார். கேமரா அவரையும் படம் பிடித்தது. சாலையில் தடங்கல் என்று கம்ப்யூட்டர் எழுதியது.

தீபன் ஓடி வந்தான். "நீ நின்னதால மூணு நாள் கணக்கே கெட்டுப் போச்சு. லாரி ஒண்ணுகூட ஏறல." சட்டையையும் விசிலையும் பிடுங்கிக்கொண்டு அனுப்பினான். பொன்னுரங்கம் வெறும் பனியனோடு வந்து நின்றார். போலீஸ் இரண்டு தடவை இழுத்துப்போய் விட்டது. மூன்றாவது தடவை அவர்களுக்கும் அலுத்துப்போனது. நெஞ்சில் இருந்ததை இறக்கி வைக்க அவருக்கு வேறு இடம் தெரியவில்லை.

மார்கழியில் தில்லிக்காரர்கள் மறுபடி வருவதாகச் செய்தி வந்தது. சோதனை தேறிவிட்டது, காட்டுப்பள்ளி வரைக்கும் இதே ரோடு போட நிதி ஒதுக்கப்போகிறார்கள், கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டுக் கையெழுத்து. பேராசிரியைக்கு நல்ல மனசு. செத்துப்போனவள் குடும்பத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அவர்தான் சொன்னாராம்.

அன்று காலை பள்ளத்தை நோக்கி ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒருவன் வருவதைப் பொன்னுரங்கம் பார்த்தார். சட்டை அவருடையதுதான், தோளில் தையல் விட்டிருந்தது அடையாளம். உள்ளே இருந்தது அய்யாத்துரை. அந்த ரோட்டை விட்டால் அவன் ஆட்டோவுக்கு வேறு பிழைப்பு இல்லை, அந்த ரோட்டில் அவனால் ஓட்டவும் முடியவில்லை. பள்ளிக்கூடம் போகிற மகள்கள் இரண்டு பேர் வீட்டில் இருந்தார்கள்.

அவன் பள்ளத்தின் ஓரத்தில் வந்து குந்தினான்.

"மேல வா, மாமு."

"நா வர்ல. நீ போ."

"நீ நின்னா என் வேல பூடும்."

பொன்னுரங்கம் அவன் முகத்தைப் பார்த்தார். "உம் பொஞ்சாதி பொடவ துணிடா இது. நீ நட்டது."

"தெர்யும்."

"நா குடுக்க மாட்டேன். வோணும்னா நீயே புடுங்கிக்கோ."

 அய்யாத்துரை கையை நீட்டிக் கம்பைப் பிடித்தான். ஒரு காலத்தில் கயிற்றை வெட்டி அந்தக் கையைக் காப்பாற்றியவன், இப்போது அதன் இரண்டு விரல்களையும் ஒவ்வொன்றாக மெதுவாகப் பிரித்தான். வலிக்காமல்தான் பிரித்தான்.

"டெல்லிக்காரங்க வந்துட்டு போவட்டும், மாமு. அப்பால நானே நட்டுடுறேன்."

கம்பைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டகையில் அதே மூலையில் சாய்த்துவிட்டு, வாசலில் வந்து நின்றான். பொன்னுரங்கம் பள்ளத்திலிருந்து ஏறி, பனியனில் கையைத் துடைத்துக்கொண்டு, வீட்டைப் பார்த்து நடந்தார். அன்றைக்கு வெயில் நன்றாக அடித்தது. தில்லிக்காரர்கள் வரவில்லை, நாளைக்கு வருவதாகச் சொன்னார்கள். கம்பு மூலையிலேயே இருந்தது. மறுநாள் விடியற்காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது.